லா ரிசர்வ் 2016, 2018, 2019: வித்தியாசம் ஆண்டிலா, பாட்டிலிலா?

வண்டல், இந்திராநகர்:

சென்ற சனிக்கிழமை எங்கள் குழுவில் ஒன்பது பேர் உட்கார்ந்து குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் சிவப்பு ஒயினை அறுவடை ஆண்டு வாரியாக ருசித்தோம். 2016, 2018, 2019. நந்தி மலைப் பக்கத்துத் தோட்டம், கேபர்னே சோவின்யோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சையும் கலந்தது, பிரெஞ்சு ஓக் பீப்பாயில் கிடந்தது. பெங்களூரில் ஒயின் குடிக்கிற எல்லோருக்கும் அறிமுகமான லேபிள் என்பதால்தான் இதை எடுத்தேன்.

இதில் 2018 மட்டும் இரண்டு பாட்டில். ஒன்று, வெளிவந்த புதிதில் வாங்கி என் ஒயின் ஃபிரிட்ஜில் 14 டிகிரியில் படுத்திருந்தது. மற்றொன்று, போன மாதம் ஒரு கடையில் வாங்கியது. வாசலை ஒட்டிய அலமாரி, மத்தியான வெயில் நேராக விழும் இடம், பாட்டில் நின்றபடியே இருந்தது. வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன். நான்கு பாட்டிலுக்கும் காகிதம் சுற்றி எண் போட்டாயிற்று. ஊற்றியவர் குடிக்காதவர். நான்கில் இரண்டு ஒரே ஒயின் என்பது எனக்குத் தெரியும், எந்த எண் எது என்பது எனக்கும் தெரியாது.

முடிவு என்ன தெரியுமா? இரண்டு 2018ஐயும் ஒரே ஆண்டு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைப் பாட்டிலைத்தான் பெரும்பாலோர் ஆக மூத்தது என்றார்கள். "2012, மிஞ்சிப் போனால் 2013" என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. மாறாக, என் ஃபிரிட்ஜில் இருந்த 2018ஐயும் 2019ஐயும் பாதிப் பேரால் பிரிக்கவே முடியவில்லை.

என் குறிப்புகள். ஃபிரிட்ஜ் 2018: நாவல்பழம், மிளகு, பின்னால் லேசாகக் குடைமிளகாயின் பச்சை வாசனை. துவர்ப்பு ஈறில் நன்றாகப் பிடிக்கிறது. கடை 2018: விளிம்பில் செங்கல் நிறம், காய்ச்சிய ஜாம், பேரீச்சை. புளிப்பு மட்டும் தனியாக நிற்க, விழுங்கியதும் வாய் காலி. 2016: புகையிலை, பழைய தோல் பை, உலர்ந்த அத்தி. துவர்ப்பு மெலிந்து வழுவழுப்பாகிவிட்டது, அன்றைய மேசையில் எனக்குப் பிடித்தது இதுதான். 2019: பழம் தூக்கலாக இருக்கிறது, ஓக்கின் வெனிலா இன்னும் தனித்துத் தெரிகிறது.

நாம் இந்த மன்றத்தில் பல வருடமாக "2015 அருமை, 2017 சப்பை" என்று எழுதிக்கொண்டிருக்கிறோமே, அதில் எவ்வளவு ஆண்டு, எவ்வளவு அலமாரி? இதைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

அப்புறம் இரண்டாவது சுற்றில் பிரான்சின் போர்தோ பகுதி ஒயின் ஜோடி ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

மூக்கு மட்டும், கோரமங்களா:

என்ன வெப்பநிலையில் ஊற்றினீர்கள்? கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரியா? "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்" என்று நம்பி 27 டிகிரியில் ஊற்றியிருந்தால் எல்லாமே ஜாம் மாதிரிதான் இருக்கும். அந்தப் பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீட்டுக்காரர்கள் சொன்னது. அவர்கள் அறை 17, 18.

வண்டல், இந்திராநகர்:

நான்கும் ஒன்றாக ஃபிரிட்ஜில் இருந்து வெளியே வந்தவை, ஊற்றும்போது 17. கடைப் பாட்டிலையும் ஒரு வாரம் முன்பே உள்ளே வைத்துவிட்டேன். கிளாஸ் எல்லாம் ஒரே தர அளவிலான ஐஎஸ்ஓ ருசிக் கிளாஸ், ஆளுக்கு 50 மில்லி. அதில் குறை வைக்கவில்லை.

சும்மா கேட்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டி:

கோபப்படாதீர்கள். இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான்: யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. போர்தோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் புரோஷே 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்களும் செர்ரி, பிளம் என்று சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே எழுதினார்கள். 2001இல் வந்த ஆய்வு. ஒயின் படிக்கிற பிள்ளைகளுக்கே அந்தக் கதி என்றால் நாம் எங்கே? நாவல்பழம், தோல் பை எல்லாம் பக்கத்து ஆள் சொன்னதும் நமக்கும் வருகிற வாசனை. ஆண்டு பார்த்து இரண்டு மடங்கு விலை கொடுப்பதற்குப் பதிலாக அந்தக் காசில் ஊருக்குப் போய் வரலாம்.

நாலாவது பிளாக், ஜெயநகர்:

தம்பி, புரோஷேயின் ஆய்வு காட்டுவது கண் மூக்கை எவ்வளவு ஆட்டிப் படைக்கிறது என்பதை. மூக்கே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. வண்டல் வீட்டு மேசையிலும் ஒன்பது பேரும் கடைப் பாட்டிலைத் தனியாகப் பிரித்துவிட்டார்களே, கவனித்தீர்களா? வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு என்ன காரணம் என்பதில்தான் தடுமாறிவிட்டார்கள். இவை இரண்டும் தனித்தனித் திறமை. முதலாவது நாக்கு சம்பந்தப்பட்டது, இரண்டாவதுக்குப் படிப்பும் பழக்கமும் வேண்டும்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. உணவுத் தொழிற்சாலைகளில் முக்கோணச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது ஒற்றை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது, எது பழையது என்ற பேச்சே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே ஒன்பது பேரில் மூன்று பேர் சரி என்றால் அதற்கு மதிப்பே இல்லை. ஆறு பேராவது சரியாகச் சொன்னால்தான் குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்று ஓரளவு நம்பலாம். பன்னிரண்டு பேர் என்றால் எட்டு.

2018க்கும் 2019க்கும் இதைச் செய்து பாருங்கள். ஆறு பேர் தேறாவிட்டால், அந்த இரண்டு ஆண்டையும் பற்றி நாம் பத்தி பத்தியாக எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், டபிள்யூஎஸ்இடி என்ற ஒயின் படிப்புச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தாலும் சரி.

கடைப் பாட்டிலுக்கு என்ன ஆனது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வெப்பம் ஏற ஏற உள்ளே நடக்கிற வேதிவினை எல்லாம் வேகமெடுக்கிறது. ஒயினைக் காக்கிற கந்தக டை ஆக்சைடு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. நிறம் பழுப்புக்குப் போகிறது, பழ வாசனை முதலில் ஓடிவிடுகிறது. நிதானமாகப் பத்து வருடம் 13 டிகிரியில் மூத்த ஒயினும் இரண்டு கோடையில் வெந்த ஒயினும் நிறத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். மூத்ததில் தோல், காளான், ஈரமண் என்று புதிதாகச் சில வாசனைகள் பிறந்திருக்கும். வெந்ததில் இருந்ததும் போயிருக்கும், புதிதாக ஒன்றும் வந்திருக்காது. "2012" என்று சொன்ன நண்பர் நிறத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். அடுத்த முறை கறுப்புக் கிளாஸில் ஊற்றிப் பாருங்கள்.

வண்டல், இந்திராநகர்:

ஊகம் சரி அக்கா. அவர் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் வாயே திறந்தார்.

கம்பத்துக்காரன், ஹெப்பால்:

நான் ஒயினுக்குப் புதுசு, திராட்சைக்குப் பழசு. அப்பா காலத்தில் இருந்து கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே பழம்தான். எங்கள் ஊரில் கவாத்து வெட்டுகிற தேதியை வைத்து வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். ஒயின் லேபிளில் வருஷத்தைப் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்தக் காய்ப்பு என்று போடாமல் எந்த வருஷம் என்று போட்டால் எப்படி?

பிறகு நந்தி மலையை ஒட்டிய தொட்டபள்ளாப்பூர் பக்கம் ஒரு ஒயின் திராட்சைத் தோட்டத்தில் நின்று பார்த்தபோது விளங்கியது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து செப்டம்பர், அக்டோபரில் ஒரே அறுவடை. நம் பக்கம் கொடி தூங்குவதே இல்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. அறுவடை முடிந்து கோடையில் ஒரு முறை வெட்டி, மழைக்காலத்தில் வருகிற தளிரைப் பழத்துக்கு விடாமல் கொடியைத் தேற்றுவார்கள். மழை ஓய்கிற செப்டம்பர் வாக்கில் மறுபடி வெட்டினால் அதில் வருகிற காய்தான் பழமாகிறது. பனிக்காலத்தின் குளிர்ந்த இரவுகளில் காய் முற்றி, ஜனவரி கடைசியில் இருந்து மார்ச், ஏப்ரல் வரை பறிப்பார்கள். மழைக்காலத்திலேயே பழுக்க விட்டால் பூஞ்சை எல்லாவற்றையும் தின்றுவிடும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நந்தி மலை 2018 என்றால் பிப்ரவரி, மார்ச்சில் பறித்த பழம். போர்தோ 2018 பறித்தது செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஒரே எண் போட்டிருந்தாலும் நம்முடையது அரை வருஷத்துக்கு மேல் மூத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "நம்ம ஊர் ஒயின் சீக்கிரம் கிழடாகிவிடுகிறது" என்று சொல்கிறவர்கள் அந்த மாதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் நம் மாதிரிதான், அங்கேயும் பறிப்பது பிப்ரவரியில் இருந்து ஏப்ரலுக்குள்.

இரண்டு, ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஆண்டு விதி மாறுவது ஏப்ரல் உறைபனியாலும், பூக்கும்போது பெய்யும் மழையாலும், பழுக்கிற வேளையின் மழையாலும். நமக்கு உறைபனி கிடையாது. செப்டம்பர் தாண்டியும் விடாத மழை, கவாத்தைத் தள்ளிப்போட்ட தேதி, அறுவடைக்கு முன் திடீரென்று ஏறுகிற வெயில், இவைதான் நம் வில்லன்கள். கவாத்துத் தேதியை மனிதன் கொஞ்சம் நகர்த்தலாம் என்பதால் மோசமான ஆண்டை ஓரளவு சமாளித்துவிடலாம். அதனால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் நெருக்கமாக ருசிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் பந்தலிலும் அப்படித்தான். பெரிய மழை அடித்த வருஷத்தை நாக்கு சொல்லும், மற்ற வருஷங்களை அப்பாவின் நோட்டுதான் சொல்லும்.

மூக்கு மட்டும், கோரமங்களா:

அண்ணே, இந்த இழையில் இதுதான் தங்கம். நந்தி மலைக்குப் பத்து முறையாவது போயிருப்பேன், சூரிய உதயம் பார்த்தேனே தவிர யாரிடமும் கவாத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒயிட்ஃபீல்ட் வாசி:

அலமாரி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. இறக்குமதி பாட்டில் குளிரூட்டிய கண்டெய்னரில் வந்ததா சாதாரண கண்டெய்னரில் வந்ததா, துறைமுகத்தில் எத்தனை நாள் கிடந்தது, லாரியில் எந்த மாதம் ஏறியது, இதெல்லாம் லேபிளில் இருக்காது. கார்க் போட்ட பாட்டில் என்றால் சில அடையாளங்கள் உண்டு. கார்க் வாயை விட்டு மேலே தள்ளி நிற்கிறதா, மேலுறையைத் திருகினால் சுற்றுகிறதா அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஒயின் மட்டம் கழுத்தில் இருந்து இறங்கியிருக்கிறதா. சூட்டில் ஒயின் விரிந்து கசிந்திருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். திருகு மூடி என்றால் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் இருக்காது, உங்கள் அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

வெளிநாடு போய் வருகிறவர்கள் இரண்டு லிட்டர் வரை தீர்வை இல்லாமல் கொண்டு வரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு, மேலே ஒரு அரை பாட்டில்கூட இடிக்காது. ஐரோப்பிய ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்கம், அதற்கு மேல் மாநில ஆயத்தீர்வை என்று இருந்த ஊரில் நல்ல பாட்டில்கள் இப்படித்தான் வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலியாவுடன் போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. பாட்டிலுக்கு 15 டாலருக்கு மேல் இறக்குமதி மதிப்புள்ள ஒயினுக்குச் சுங்கம் உடனே 75 சதவீதம் ஆகி, படிப்படியாக 25க்கு இறங்க வேண்டும். 5 டாலருக்கு மேல் என்றால் 100இல் தொடங்கி 50. கடை விலையில் அது முழுதாகத் தெரிகிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு.

வண்டல், இந்திராநகர்:

இப்போது இரண்டாவது சுற்று. நண்பர்கள் இருவர் பெட்டியில் கொண்டு வந்தவை: ஷாத்தோ லின்ச்-பாஜ் 2017, அதே தயாரிப்பு வீட்டின் இரண்டாம் ஒயினான எக்கோ த லின்ச்-பாஜ் 2016. நீண்ட நாள் சண்டை ஒன்றைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த ஜோடி. நடுத்தர ஆண்டின் பெரிய ஒயினை வாங்குவதா, சிறந்த ஆண்டின் சின்ன ஒயினை வாங்குவதா?

பின்னணி தெரியாதவர்களுக்கு: 2016இல் வசந்தம் முழுக்க மழை, பிறகு ஜூலை, ஆகஸ்ட் கடும் வறட்சி, செப்டம்பர் நடுவில் கொடி வாடப் போகிற நேரத்தில் ஒரு நல்ல மழை, தொடர்ந்து குளிர்ந்த இரவுகள். பழமும் புளிப்பும் துவர்ப்பும் மூன்றுமே நிறைவாக வந்த ஆண்டு. 2017இல் ஏப்ரல் கடைசியில் உறைபனி போர்தோவைப் பல இடங்களில் கருக்கியது. ஜிரோந்து முகத்துவாரத்தை ஒட்டிய போயாக் (லின்ச்-பாஜ் இருக்கும் ஊர்), சேன் ஜூலியன் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் செப்டம்பர் மழை எல்லோருக்கும் பொது.

திறந்த உடனே ஊற்றியதில் எக்கோவுக்கு ஆறு வாக்கு, லின்ச்-பாஜுக்கு மூன்று. எக்கோ வந்ததும் பேச ஆரம்பித்துவிட்டது. கறுப்புச் செர்ரி, கொஞ்சம் கோக்கோ, வாயில் உருண்டையாக நின்றது. 2017 மூடிக்கிடந்தது, பென்சில் சீவிய வாசனை தவிர ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து மிச்சத்தை ஊற்றினோம். எக்கோ அப்படியே இருந்தது. லின்ச்-பாஜில் சிடார் மரம், புகையிலை, காஸிஸ் பழம் என்று ஒவ்வொன்றாக வந்தது, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்றது. வாக்கு புரண்டு ஏழுக்கு இரண்டு. அந்த இருவரில் நான் ஒருவன். எனக்கு அன்றைக்கு எக்கோதான். இரவு உணவோடு குடிக்கிற ஒயின், பரீட்சை எழுத வைக்காத ஒயின்.

சும்மா கேட்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டி:

இரண்டாம் ஒயின் என்றால் கழித்துப் போட்டதா? பெரிய ஆள் பெயரை வைத்து மிச்சத்தை விற்கிற வேலை மாதிரி இருக்கிறதே.

நாலாவது பிளாக், ஜெயநகர்:

கழித்தது என்று சொல்ல மாட்டேன், தேர்வில் அடுத்த வரிசை. இளம் கொடிகளின் பழம், அந்த வருடம் முதல் கலவைக்குள் பொருந்தாத பீப்பாய்கள், சில வீடுகளில் தனித் துண்டு நிலங்கள். புது ஓக் குறைவாக இருக்கும், பெரும்பாலும் சீக்கிரம் குடிக்கத் தயாராகும். எக்கோவுக்கு முன்பு ஹோ-பாஜ் அவெரூ என்று பெயர், 2008 வாக்கில்தான் மாற்றினார்கள். பழைய பாட்டில் கிடைத்தால் அதுவும் இதே குடும்பம்தான்.

"இரண்டாம் ஒயின்" என்று பொதுவாகச் சொல்வதில் வம்பு உண்டு. லாத்தூர் என்ற போர்தோ வீட்டின் இரண்டாம் ஒயினான லே ஃபோர் த லாத்தூர் 1966 அறுவடையில் தொடங்கியது. அதன் பழம் பெரும்பகுதி அதற்கென்றே வைத்த நிலங்களில் இருந்து வருகிறது, கீழே மூன்றாவதாக, ஊர்ப் பெயரிலேயே போயாக் என்று ஒரு ஒயினும் இருக்கிறது. க்ளோ து மார்க்கியை லெயோவில் லாஸ் காஸ் என்ற இன்னொரு வீட்டின் இரண்டாம் ஒயின் என்று இன்னமும் எழுதுகிறார்கள். அது தனி நிலத்து ஒயின். 2007 அறுவடையில் இருந்து இரண்டாம் ஒயினுக்கு லே பெத்தி லியோன் என்று வேறு பெயரே வைத்துவிட்டார்கள். அப்புறம் ஷாத்தோ பால்மர். 2018இல் பூஞ்சை விளைச்சலை அப்படிச் சாப்பிட்டதில் இரண்டாம் ஒயினான ஆல்டர் ஈகோவையே அந்த ஆண்டு போடவில்லை, இருந்த கொஞ்சமும் முதல் ஒயினுக்கே போனது. ஆக, ஒரு ஆண்டு நல்லதா கெட்டதா என்பது இரண்டு லேபிளையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. மோசமான ஆண்டில் முதல் ஒயினுக்கான தேர்வு கடுமையாகி, நிறையப் பழம் கீழே இறங்கலாம். இரண்டாம் ஒயின் அந்த ஆண்டில் உயரலாம், சறுக்கவும் செய்யலாம்.

உங்கள் வாக்குப் புரண்டதைப் பற்றி: 1976 மே 24 அன்று ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு, கலிஃபோர்னிய ஒயின்களை வைத்துப் பாரிஸில் நடத்திய, லேபிளை மறைத்த கண்கட்டு ருசிப்பில் சிவப்பில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. அதே கலிஃபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971க்கு அன்று ஐந்தாம் இடம். அதே ஒயின்களை முப்பது வருடம் கழித்து 2006இல் மறுபடி திறந்தபோது முதலிடம் ரிட்ஜுக்கு. முதல் ஊற்றில் கிடைக்கிற வாக்கு அந்த நேரத்துக்கு யார் தயார் என்பதைத்தான் சொல்லும். ஆனால் வண்டல், நாளைக்கே குடிக்கப் போகிறவருக்கு அந்தப் பதில்தானே வேண்டும்? அதனால் உங்கள் எக்கோ வாக்கை நான் குறை சொல்ல மாட்டேன். 14 டிகிரி ஃபிரிட்ஜ் வீட்டில் இல்லாதவர் இரண்டாம் ஒயினை வாங்கி அந்த வருடமே குடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பெரிய ஒயினை வாங்கிச் சமையலறைப் பரணில் பத்து வருடம் வைப்பது காசைக் கொளுத்துகிற வேலை.

கார்க் திருகி, மல்லேஸ்வரம்:

நாலாவது பிளாக் அக்கா சொன்ன கடைசி வரியைப் பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். "எங்கள் ஊர் குளுமையான ஊர்" என்ற பெருமையில் எத்தனை பாட்டில் போயிருக்கிறது! கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டர் உயரம் என்பது மனிதனுக்குச் சுகம். ஏப்ரலில் மூடிக்கிடக்கும் மாடி அறைக்குள் பாட்டிலுக்குச் சுகம் இல்லை.

பரிமாறும் முறையில் என் கருத்து. பழைய பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். (இந்திராநகர் வண்டல் அல்ல.) பதினைந்து, இருபது வருடத்துக் கார்க் உதிரும். திருகாணியை நம்பாமல் இரண்டு தகடு உள்ள கழற்றியைப் பக்கவாட்டில் இறக்கி மெல்லச் சுற்றி எடுங்கள். கிழட்டு ஒயினை டீகேண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் இருந்த வாசனையும் பறந்துவிடும், தெளியவைக்க மட்டும் ஊற்றி உடனே குடித்துவிட வேண்டும். இளசுக்கு நேர்மாறு, லின்ச்-பாஜ் 2017ஐ நீங்கள் மத்தியானமே டீகேண்டரில் ஊற்றியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வரிசையைப் பற்றி ஊருக்கு ஊர் சண்டை. நான் பழையதில் இருந்து புதியதுக்கு வருகிறவன். இளம் ஒயினின் துவர்ப்பு வாயை இறுக்கிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற மெலிந்த 2016க்கு என்ன மரியாதை கிடைக்கும்? எதிர்க்கட்சிக்காரர்கள், இளசில் தொடங்கினால்தான் ஒயின் வளர்கிற பாதை புரியும் என்பார்கள். கண்கட்டு ருசிப்பில் இரண்டுக்கும் இடமில்லை, ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றித்தான் ஊற்ற வேண்டும். நான்கு கிளாஸையும் எல்லோரும் ஒரே வரிசையில் குடித்திருந்தால், வண்டல், உங்கள் முடிவில் அதுவும் கலந்திருக்கும்.

மூக்கு மட்டும், கோரமங்களா:

இன்னொன்று, தயவு செய்து அன்றைக்கு மட்டும் ஊதுபத்தி, ஜவ்வாது, மல்லிகைப்பூ வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்த ருசிப்பில் எல்லோருமே எல்லா ஒயினிலும் "பூ வாசனை" என்று எழுதினார்கள். பூஜை அறை பக்கத்தில். வெங்காயப் பக்கோடாவும் பிறகுதான். காரம் ஏறிய நாக்கில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும். உப்பில்லாத ரொட்டி, தண்ணீர், துப்புவதற்கு ஒரு பாத்திரம் போதும். துப்ப வெட்கப்படுகிறவர்கள் நான்காவது கிளாஸுக்குப் பிறகு எழுதுகிற குறிப்புகளை நான் படிப்பதில்லை.

ஒயிட்ஃபீல்ட் வாசி:

போர்தோ எல்லோருக்கும் கட்டாது. ஒரே வீட்டு லேபிள்களை ஒப்பிட மலிவான வழி இங்கேயே இருக்கிறது. சூலா நிறுவனத்தின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸையும் ராசா ஷிராஸையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே நாசிக், ஒரே திராட்சை, தேர்வும் ஓக்கும் மாறினால் என்ன ஆகிறது என்று தெரியும். ஃப்ராதெல்லி நிறுவனத்தின் சாஞ்சியோவேசேயையும் செத்தேயையும் வைத்தால் தனித் திராட்சைக்கும், அதனோடு கேபர்னே சேர்த்த கலவைக்கும் உள்ள தூரம் புரியும். சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் விளைந்த இத்தாலியின் டஸ்கனி திராட்சை என்பதே எனக்கு ஒரு மகிழ்ச்சி. பல்லாரி, கொப்பள் பக்கம் போகிறவர்கள் ஹம்பி மலைகளின் கிருஷ்மா கேபர்னேயையும் நந்தி மலைக் கேபர்னேயையும் சேர்த்துப் பார்க்கலாம்.

காசு கொஞ்சம் கூட இருந்தால் இத்தாலியின் மோந்தால்சினோ. ஒரே தயாரிப்பாளரின் ரோஸ்ஸோவும் புருனெல்லோவும். இரண்டுமே முழுக்கச் சாஞ்சியோவேசே. ரோஸ்ஸோ அறுவடைக்கு அடுத்த செப்டம்பரில் கடைக்கு வரலாம். புருனெல்லோ குறைந்தது இரண்டு வருடம் மரப் பீப்பாயில் கிடந்து, அறுவடையில் இருந்து ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் வெளியே வரும், அதில் ரிசெர்வா என்ற வகை என்றால் இன்னொரு வருடம். 2014 போன்ற மழை ஆண்டில் சிலர் புருனெல்லோவே போடாமல் எல்லாவற்றையும் ரோஸ்ஸோவில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு ரோஸ்ஸோ கிடைத்தால் விடாதீர்கள், அதாவது பாட்டில் வேகாமல் வந்திருந்தால்.

கம்பத்துக்காரன், ஹெப்பால்:

ஒரு சின்ன சந்தேகம். ஒயினை முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தெளிய வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் சைவம்.

நாலாவது பிளாக், ஜெயநகர்:

போர்தோவில் பழைய வழக்கம்தான், பீப்பாய்க்கு நாலைந்து முட்டை. துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும், பிறகு ஒயினை மேலிருந்து எடுத்துவிடுவார்கள். இப்போது பெந்தோனைட் களிமண், பட்டாணிப் புரதம் என்று மாற்று நிறைய. வீகன் என்று பாட்டிலில் போட்டிருந்தால் கவலை இல்லாமல் வாங்குங்கள். போடாவிட்டால் தயாரிப்பாளரையே கேட்பது நல்லது.

வண்டல், இந்திராநகர்:

சரி, அடுத்த சுற்றுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் லா ரிசர்வ் 2018 இன்னொன்று இருக்கிறது, 2019உம் அதே ஃபிரிட்ஜில் அதே காலம் இருந்தது. இந்த இரண்டையும் வைத்து முக்கோணச் சோதனை. வரிசை ஆளுக்கு ஆள் மாறும். கறுப்புக் கிளாஸுக்கு எங்கே போவது? அதனால் மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு பல்பு மட்டும். போன தடவை ஊற்றியவர் ஊரில் இல்லை, குடிக்காமல் ஊற்ற ஓர் ஆள் வேண்டும்.

சும்மா கேட்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டி:

நான் ஊற்றுகிறேன். எது எது என்று எழுதி உறையில் போட்டு என்னிடமே வைத்துக்கொள்வேன், ஆறு பேர் தேறுகிறார்களா என்று பார்த்துவிடலாம். எனக்கு ஒன்றும் கிடைக்காதா?

வண்டல், இந்திராநகர்:

50 மில்லி வீதம் பாட்டிலுக்கு 15, இரண்டு பாட்டிலுக்கு 30. ஒன்பது பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 27. மிச்சம் மூன்று கிளாஸ் உங்களுக்கு, உறையைப் பிரித்த பிறகு.